வீட்டிலேயே கட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: யார் கட்டியது, எப்போது? எங்கே தேடுவது?

கூரையில்லாதவன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். போன வருடக் கடைசியில் ஒரு பழைய வண்டி வாங்கினேன். இப்போது அதை ஓட்டும் நேரத்தைவிட டார்ச்சோடு அதற்கு அடியில் படுத்திருக்கும் நேரம்தான் அதிகம்.

இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். அலுமினிய பாடி, கையால் தட்டி வளைத்தது. வால்பக்கம் படகு மாதிரி ஒடுங்கி முடிகிறது. கதவு ஒன்றுதான், இடதுபக்கம். வலதுபக்கம் ஓட்டுகிறவர் உட்கார, பக்கத் தகட்டில் ஒரு வளைவை வெட்டி விட்டிருக்கிறார்கள். அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்க வேண்டும். கூரை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததற்கு அடையாளமே இல்லை. (என் பெயரின் ரகசியம் இதுதான்.) மூக்கில் பித்தளையில் மூன்று எழுத்துகள்: ஆர், எச், எஸ். அந்தப் பெயரில் ஒரு கார் கம்பெனியை நான் தேடாத பட்டியல் இல்லை. எங்கும் கிடையாது.

விற்றவர் சொன்ன கதை: போருக்கு முன் 1939-இல் ஒரு விமான இன்ஜினியர் தன் கையால் கட்டியது, புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் ஓடியது. ஆதாரம் என்று அவர் காட்டியவை இரண்டு. ஒன்று, லாக் புக்கில் (வண்டியின் பதிவுப் புத்தகம்) முதல் பதிவு 1939 மார்ச் என்று இருக்கிறது. இரண்டு, டேஷ்போர்டில் ஒரு சுவிட்சின் மேல் கிரீடமும் ஏ.எம். என்ற எழுத்துகளும் பொறித்திருக்கின்றன. விமானப் படைச் சாமானாம்.

ஆனால் அதே லாக் புக்கில் மேக் 'ஃபோர்டு' என்றும் குதிரைத்திறன் 10 என்றும் எழுதியிருக்கிறது. பாடி என்ற இடத்தில் 'சலூன்' என்பதை அடித்துவிட்டு 'டூ சீட்டர்' என்று வேறு மையில் எழுதி, பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறார்கள். தேதி மங்கிப் போய்விட்டது. வீல்பேஸை (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்) நானே அளந்தேன்: சரியாக 90 அங்குலம்.

ஃபோர்டு என்றால் மூக்கில் ஏன் ஆர்.எச்.எஸ்.? 1939 என்பதை நம்பலாமா?


சைடுவால்வு எழுதியது:

தம்பி, முதலில் விற்றவரின் கதையைச் சுருட்டி ஓரமாக வையுங்கள். வண்டியோடு இலவசமாக வருவது துருவும் கதையும். இரண்டையும் சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது 'ஸ்பெஷல்'. 1950-களில் பிரிட்டனில் புதுக் கார் வாங்குவது சாமானியருக்குப் பெரிய கனவு. போர் முடிந்தபின் தயாரித்ததில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போனது. மிஞ்சியதன்மேல் கொள்முதல் வரி. 1951-இல் அது மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறியது. அதே சமயம், மேலே பாடி இற்றுப்போய் கீழே இன்ஜினும் சேஸியும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) நன்றாக இருந்த பழைய சலூன்கள் மலிவாகக் கிடைத்தன. பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, சேஸிமேல் தகரமோ அலுமினியமோ கண்ணாடியிழையோ போட்டு ஆளுக்கொரு ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொண்டார்கள். ஆஸ்டின் 7, ஃபோர்டு 8, ஃபோர்டு 10, இந்த மூன்றும்தான் அதற்குப் பேர்போன தாய் வண்டிகள். காலின் சாப்மனே 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் 7-ஐப் பிரித்து மேய்ந்துதான் லோட்டஸ் கார் கம்பெனியின் கதையைத் தொடங்கினார்.

இப்படிக் கட்டும்போது பதிவு எண்ணும் முதல் பதிவுத் தேதியும் தாய் வண்டியினுடையதாகவே நீடிக்கும். ஆகவே 1939 மார்ச் உங்கள் சேஸியின் பிறந்தநாள். ஸ்போர்ட்ஸ் காரின் பிறந்தநாள் அல்ல.

லாக் புக்கில் உள்ள அந்த 10 என்பது இன்ஜினின் உண்மையான சக்தி இல்லை, வரிக்கான கணக்கு. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். 1172 சி.சி. ஃபோர்டுக்கு விட்டம் 63.5 மி.மீ., அதாவது 2.5 அங்குலம். போட்டுப் பாருங்கள், கச்சிதமாக 10 வரும். 933 சி.சி. தம்பியான ஃபோர்டு 8-க்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) அதே 92.5 மி.மீ.தான், விட்டம் 56.6, அதற்கு 8-ஐ ஒட்டி வரும்.

1939 மார்ச்சில் பதிவான 10 குதிரைத்திறன் ஃபோர்டு சலூன் என்றால் பெரும்பாலும் பிரிஃபெக்ட், இ93ஏ. அதன் வீல்பேஸ் 94 அங்குலம். உங்களுடையது 90. நான்கு அங்குலத்தை யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள். எங்கே என்று தேடுங்கள். சேஸியின் இரண்டு நீளச் சட்டங்களையும் ஆசனத்துக்கு அடியில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள்; வெட்டி ஒட்டிய வெல்டிங் தெரியும். சட்டத்தை மட்டும் வெட்டினால் போதாது. இந்த ஃபோர்டுகளில் இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு டார்க் குழாய்க்குள் ஓடுகிறது. குழாயையும் ஷாஃப்ட்டையும் அதே அளவு குறைத்தாக வேண்டும். குழாயைச் சுற்றி மோதிரம் போல ஒரு வெல்டிங் இருந்தால் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது மின்சாமான். லூக்காஸ் கம்பெனி செய்த டைனமோ, ஸ்டார்ட்டர், கன்ட்ரோல் பாக்ஸ் எல்லாவற்றிலும் தயாரித்த மாதமும் வருடமும் சின்னதாக அச்சடித்திருக்கும். பெயின்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஃபோர்டு அப்போது 6 வோல்ட். உங்கள் வண்டி 12 வோல்ட் என்றால், டைனமோ கட்டும்போதே மாற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பாகத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று ஒரே பக்கம் கை காட்டினால் நம்பலாம்.

கிரீடம், ஏ.எம். இரண்டும் விமான அமைச்சகத்தின் முத்திரை, சரிதான். ஆனால் போருக்குப் பின் அந்த உபரிச் சாமான்களை மூட்டை மூட்டையாக விற்றார்கள். அந்த சுவிட்ச் வைத்திருந்தவரெல்லாம் விமான இன்ஜினியர் என்றால் நாட்டில் விமானத்தைவிட இன்ஜினியர்கள் அதிகம் இருந்திருப்பார்கள்.

புரூக்லண்ட்ஸில் கடைசிப் பந்தயம் 1939 ஆகஸ்டில் நடந்தது. அப்புறம் அந்தப் பாதை பந்தயத்துக்குத் திறக்கவே இல்லை. மார்ச்சில் சலூனாகப் பதிவான புத்தம்புதுக் காரை ஐந்தே மாதத்தில் பிரித்து, குட்டையாக்கி, அலுமினியம் போர்த்தி அங்கே கொண்டுபோய் ஓட்டியிருக்க வேண்டும். யாருக்கு அவ்வளவு அவசரம்?


நுணுக்கன் எழுதியது:

தலைப்பில் 'பழைய' என்று போட்டதற்கு நன்றி. 'வின்டேஜ்' என்று போட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன். பிரிட்டிஷ் வின்டேஜ் கிளப் கணக்கில் 1930 டிசம்பர் 31-க்குள் பிறந்தால்தான் வின்டேஜ். மற்றதெல்லாம் விற்பவர் வாயில் மட்டும் வின்டேஜ்.


கூரையில்லாதவன் எழுதியது:

விற்றவர் அந்தச் சொல்லை ஒரே மூச்சில் பதினொரு தடவை சொன்னார். எண்ணினேன்.

சைடுவால்வு அண்ணே, 12 வோல்ட்தான். சனிக்கிழமை அடியில் இறங்குகிறேன்.


காகிதப்புழு எழுதியது:

இரும்பை அண்ணன் பார்த்துவிட்டார், நான் காகிதத்துக்கு வருகிறேன்.

நீங்கள் செய்யும் தவறு ஆர்.எச்.எஸ். என்ற பெயரில் தேடுவது. ஸ்பெஷலைக் கட்டியவர் மூக்கில் ஒட்டிய பெயர் அவருக்கும் அவர் தெருவுக்கும் மட்டும் தெரிந்தது. கடைசி எஸ் அநேகமாக 'ஸ்பெஷல்', முதல் இரண்டும் ஆள் பெயராக இருக்கும். அரசாங்கத்துக்கு உங்கள் வண்டி கடைசிவரை ஃபோர்டுதான். பதிவு எண்ணைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

மூன்று எழுத்து, மூன்று இலக்கம் கொண்ட பழைய எண்ணில் கடைசி இரண்டு எழுத்துகள் எந்த கவுன்டி (மாவட்டம்) அல்லது நகர மன்றம் பதிவு செய்தது என்பதைச் சொல்லும். 1904 முதல் 1970-கள் வரை பதிவேடுகள் அந்தந்த மன்றத்திடம் இருந்தன. 1974-இல் ஸ்வான்சீ நகரத்து மத்திய அலுவலகத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரத் தொடங்கியதும், உள்ளூர் அலுவலகங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். பல பதிவேடுகள் குப்பைக்குப் போயின. தப்பியவை சில கவுன்டி ஆவணக் காப்பகங்களிலும், சில டிராய்ட்விச்சில் உள்ள கிட்ஹெட் அறக்கட்டளையிலும் இருக்கின்றன. ஆகவே உங்கள் எழுத்துகளின் பதிவேடு பிழைத்ததா என்பதை முதலில் கேளுங்கள். பிழைத்திருந்தாலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சில ஏடுகளில் ஒரு வரிதான் இருக்கும்.

லாக் புக்கின் அட்டையையும் உள்பக்கத்தையும் நன்றாகப் பாருங்கள். உரிமையாளர் பெயர் எழுதும் கட்டங்கள் நிறைந்ததும் பழையதை வாங்கிக்கொண்டு தொடர்ச்சிப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். உங்களுடையது தொடர்ச்சி என்றால் அதில் உள்ள முதல் பெயர் வண்டியின் முதல் உரிமையாளர் அல்ல. இதில் ஏமாந்தவர்கள் ஏராளம், நானும் ஒருவன்.

அந்த ரப்பர் ஸ்டாம்ப்தான் உங்கள் புதையல். பாடி, நிறம், இன்ஜின் எது மாறினாலும் மன்றத்திடம் சொல்லிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். பக்கத்தைத் தட்டையாக வைத்து, இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். பிறகு போனில் வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். தயவுசெய்து அதன்மேல் எதையும் தடவ வேண்டாம். எலுமிச்சைச் சாறு தடவியவர் ஒருவரைத் தெரியும்.

பந்தயத்தில் ஓடியிருக்குமோ என்ற ஆசை இருந்தால் 750 மோட்டார் கிளப் பக்கம் போங்கள். 1939-இல் தொடங்கிய கிளப். 1172 சி.சி. ஃபோர்டு வைத்த ஸ்பெஷல்களுக்கென்றே 1953-இல் '1172 ஃபார்முலா' தொடங்கியது. பந்தய நிகழ்ச்சி நிரல்களில் ஓட்டுபவர் பெயரும் வண்டியின் செல்லப்பெயரும் இருக்கும். மோட்டார் ஸ்போர்ட் இதழின் பழைய பக்கங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அங்கே கட்டுரைகளைவிட விற்பனை விளம்பரங்களைப் பாருங்கள். 'ஃபோர்டு 10 ஸ்பெஷல், அலுமினிய டூ சீட்டர்' என்று வர்ணனையை வைத்துத் தேடுங்கள்.


கூரையில்லாதவன் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

நண்பர்களே, கணக்கு ஒப்பிக்க வந்திருக்கிறேன்.

நான்கு அங்குலம் கிடைத்துவிட்டது. ஆசனத்துக்குப் பின்னால், இரண்டு சட்டங்களிலும். நேராக வெட்டவில்லை, சாய்வாக வெட்டி ஒட்டி, உள்பக்கம் ஒரு பட்டைத் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறார். டார்க் குழாயில் அண்ணன் சொன்ன மோதிரமும் இருக்கிறது. விரலால் தடவினால்தான் தெரிகிறது, அவ்வளவு சுத்தம். ஆனால் ஹேண்ட் பிரேக் கம்பியைக் குறைக்க மறந்திருக்கிறார் போல. மிச்ச நீளத்தைச் சுருட்டி ஒரு கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறார். அறுபது வருடத்துக்கு மேலாக அது அப்படியே தொங்குகிறது. அதை மட்டும் நான் சரிசெய்யப் போவதில்லை.

டைனமோவில் 7 56. கன்ட்ரோல் பாக்ஸில் 9 56. ஸ்டார்ட்டரில் 11 61.

பக்கவாட்டு டார்ச் வேலை செய்தது. முத்திரை 1957 மே. ஆகவே 1956 கடைசியில் சாமான் சேர்த்து, குளிர்காலம் முழுக்கக் கட்டி, 1957 கோடைக்கு முன் வெளியே எடுத்திருக்கிறார்கள். புரூக்லண்ட்ஸ் போயே போச்சு. உண்மையைச் சொன்னால் ஒரு நாள் முழுக்க வருத்தமாகத்தான் இருந்தது.

பதிவேடு பிழைத்திருக்கிறது. காகிதப்புழு சொன்னது போல ஒரே வரி: ஃபோர்டு, சலூன், கறுப்பு, 1939 மார்ச்.

இன்னொன்று. கதவின் உள்பக்க ரெக்ஸினைக் கழற்றினால் பின்னால் ஒட்டுப்பலகை. அது தேயிலைப் பெட்டியின் பலகை! பாதி அழிந்த ஸ்டென்சில் எழுத்தில் 'சிலோன்' என்று இருக்கிறது. எஸ்டேட் பெயர் இருந்த இடத்தில் கதவுக் கைப்பிடிக்கு ஓட்டை போட்டுவிட்டார்கள். அந்தத் தேயிலையைப் பறித்த கைகள் பெரும்பாலும் யாருடையவை என்று இங்கே படிக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. ரெக்ஸினைத் திரும்ப ஒட்டவில்லை. கதவு இப்போது அப்படியே இருக்கிறது.

லாக் புக் தொடர்ச்சிப் புத்தகம்தான். 1955-இல் கொடுத்தது. அதில் முதல் பெயர் ஆர் எழுத்தில் தொடங்கும் ஒரு ஆண். அடுத்தது, 1959-இல், எச் எழுத்தில் தொடங்கும் ஒரு பெண். 'மிஸ்' என்று போட்டிருக்கிறது. குடும்பப் பெயர் வேறு. முகவரி ஒன்றே.


நுணுக்கன் எழுதியது:

ஓஹோ. வீட்டுக்காரரின் மகளும் வாடகைக்கு இருந்த பையனும்! அவர் கட்டினார், இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.


காகிதப்புழு எழுதியது:

புகைப்படத்தில் இல்லாத ஆளைப் பார்க்கிறீர்கள். ஒரே முகவரி என்றால் ஒரே வீடுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மாடியும் கீழுமாக இருந்திருக்கலாம், அக்காள் மகளாக இருக்கலாம். அந்த வருடங்களின் வாக்காளர் பட்டியலை உள்ளூர் நூலகத்தில் பாருங்கள், யார் எந்த வருடம் அங்கே இருந்தார்கள் என்பது தெரியும். பெயர்களை இங்கே போடாததும் நல்லது. அவர்கள் பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள்.


கூரையில்லாதவன் எழுதியது:

வாக்காளர் பட்டியல் பார்த்தேன். 1956-இல் அந்த முகவரியில் ஆர் மட்டும். 1958 பட்டியலில் இருவரும். 1960-இல் எச் மட்டும். அவ்வளவுதான் அது சொல்கிறது.

ஆனால் நேற்று ராத்திரி மூக்கிலிருந்த பித்தளை எழுத்துகளைத் துலக்கக் கழற்றினேன். பின்னால் தகட்டில் வேண்டாத ஓட்டைகள். ரிவெட் அடித்து, அரத்தால் ராவி, பெயின்ட் பூசி மறைத்திருக்கிறார்கள். அளந்து பார்த்தேன். முதலில் ஆரும் எஸ்ஸும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. பிறகு இரண்டையும் தள்ளி வைத்து நடுவில் எச்சுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எச் எழுத்தின் பித்தளை வேறு, கொஞ்சம் தடிமன். ஓரம் ராவியதில் கையும் வேறு: ஆர், எஸ் இரண்டிலும் அரத்தின் கோடுகள் தெரிகின்றன, எச் மட்டும் வழவழவென்று இருக்கிறது.

அதை ராவியது அந்தப் பெண்ணே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதாரம் எதுவும் இல்லை. சைடுவால்வு அண்ணன் திட்டுவார்.


சைடுவால்வு எழுதியது:

திட்டவில்லை. எழுத்தைப் பிரித்து வைத்தது பெயின்டுக்கு முன்னா பின்னா என்று பாருங்கள். மறைத்த ரிவெட்டுமேல் எத்தனை அடுக்கு பெயின்ட், பக்கத்தில் எத்தனை அடுக்கு. நனைத்த மெல்லிய உப்புத்தாளால் ஒரு காசு அகலத்துக்குத் தேய்த்தால் மரத்தின் வளையம் போலத் தெரியும்.

அப்புறம் அந்த ஸ்டார்ட்டர். பழைய 6 வோல்ட் ஸ்டார்ட்டரையே 12 வோல்ட்டில் ஓட்டுவது அந்தக் காலத்து ஸ்பெஷல்காரர்களின் வழக்கம். பேய் மாதிரி சுற்றும், ஒருநாள் போய்விடும். உங்களுடையது போய், 1961 நவம்பரில் செய்த ஒன்றை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அடுத்த உரிமையாளர் எந்த வருடம்?


கூரையில்லாதவன் எழுதியது:

1968 ஜூன், அண்ணே.


சைடுவால்வு எழுதியது:

அப்படியென்றால் மாட்டியது அந்தப் பெண்ணாகவும் இருக்கலாம், பின்னால் வந்தவராகவும் இருக்கலாம். ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி, தலையில் எந்த ஸ்பேனரின் காயம் இருக்கிறது என்று பாருங்கள். கதவுக் கீலில் உள்ள போல்ட்டுகளோடு ஒப்பிடுங்கள். படம் போடுங்கள்.